அப்பாவின் கால் புண்ணுக்கு 40 தடவை ஆக்சிஜன் அறை: வளையலை அடகு வைக்கும் முன்பு

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் தஞ்சாவூர் பக்கம். அப்பாவுக்கு 63 வயது, 18 வருஷமாகச் சர்க்கரை. வயலில் முள் குத்தியது தெரியாமலே இருந்து, கட்டைவிரல் கறுத்து, விரலை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடம் நான்கு மாதமாக மூடவில்லை, உள்ளே எலும்பு தெரிகிறது. இப்படியே போனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்கிறார் சர்ஜன். வேறொரு தனியார் மருத்துவமனையில், கண்ணாடிக் குழாய் மாதிரி ஒன்றுக்குள் படுக்கவைத்து ஹைபர்பேரிக் ஆக்சிஜன் கொடுக்கிறோம், 40 தடவை எடுத்தால் காலைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய். என் வளையல்களை அடகு வைக்க எடுத்து வைத்திருக்கிறேன். மாமாவோ, "அதெல்லாம் கடலுக்குள் முங்குகிறவர்களுக்கான வைத்தியம், ஏமாறாதே" என்கிறார். கோவையில் ஒரு வெல்னஸ் சென்டரில் பை மாதிரி சேம்பரில் இதையே 1,500 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்கிறான் தம்பி. வீட்டிலேயே சிலிண்டர் வாங்கி மாஸ்க் வைத்தால் ஆகாதா? அப்பா லிஃப்டில்கூட ஏறமாட்டார், மூடிய இடம் என்றாலே பயம். என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்.)

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் வளையலை மறுபடி பீரோவிலேயே வையுங்கள். இந்த வைத்தியம் பொய் என்பதால் சொல்லவில்லை. இது உண்மையான வைத்தியம்தான், நானே என் நோயாளிகளுக்குக் கொடுக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன், அப்பாவின் காலுக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்று யாராவது அளந்தார்களா என்பது அதில் எங்குமே இல்லை. அது தெரியாமல் 40 தடவை என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

உங்கள் மாமா சொல்வது பாதி சரி, தம்பி சொல்வது தவறு. ஏன் என்று புரிய, இந்த அறை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் மூடியிருக்கும்வரை தண்ணீர் தெளிவாக இருக்கிறது, உள்ளே வாயு இருப்பதே தெரியாது. கோலியை உள்ளே தள்ளியதும் புஸ்ஸென்று பொங்குகிறது. அழுத்தம் இருந்தவரை வாயு தண்ணீரில் கரைந்து கிடந்தது, அழுத்தம் போனதும் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு திரவத்தின்மேல் வாயுவின் அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, கரையும் அளவும் அத்தனை மடங்கு கூடும் என்று வில்லியம் ஹென்றி 1803-லேயே சொல்லிவிட்டார். ஆக்சிஜன் அறையின் மொத்த அறிவியலும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

நம் ரத்தத்தில் ஆக்சிஜன் இரண்டு விதமாகப் போகிறது. பெரும்பகுதி சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஏறிக்கொண்டு போகும். ஆரோக்கியமான ஒருவரின் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 20 மில்லி ஆக்சிஜன் இப்படிப் பயணம் செய்கிறது. இன்னொரு சின்னப் பங்கு, சிவப்பணுவைத் தொடாமல், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் நேரடியாகக் கரைந்திருக்கும். சாதாரணக் காற்றை மூச்சிழுக்கும்போது இது வெறும் 0.3 மில்லி. கணக்கிலேயே வராத அளவு.

இப்போது உங்கள் சிலிண்டர் கேள்விக்கு வருகிறேன். சாதாரணக் காற்றிலேயே ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. அப்பாவின் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தபோது 97, 98 என்று காட்டியிருக்கும். பஸ்ஸில் எல்லா சீட்டும் நிரம்பிவிட்டது, இனி டிக்கெட் கொடுத்து என்ன பயன்? வீட்டில் மாஸ்க் வைத்துச் சுத்தமான ஆக்சிஜனையே கொடுத்தாலும் பிளாஸ்மாவில் கரைவது சுமார் 2 மில்லிக்குத்தான் ஏறும், அதுவும் நன்றாக இறுக்கிப் பிடிக்கும் மாஸ்க் இருந்தால். அந்த அளவு நான்கு மாதமாக மூடாத புண்ணை மூடிவிடாது. சிலிண்டர் வாங்காதீர்கள், வீட்டில் விளக்கு ஏற்றும் இடத்தில் அது ஆபத்தும்கூட.

அறைக்குள் நடப்பது வேறு. அங்கே சுத்தமான ஆக்சிஜனோடு அழுத்தமும் சேர்கிறது. கால் புண்ணுக்குப் பெரும்பாலும் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் 2 முதல் 2.5 மடங்குவரை வைப்போம். 2.4 மடங்கு என்றால் கடலில் சுமார் 45 அடி ஆழத்தில் இருப்பதற்குச் சமம். அந்த அழுத்தத்தில் 100 மில்லி ரத்தத்தில் 4 மில்லிக்கு மேல் ஆக்சிஜன் நேரடியாகக் கரைந்துவிடும். 3 மடங்கு என்றால் 6 மில்லிவரை போகும். சும்மா படுத்திருக்கும் உடம்பு 100 மில்லி ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதே சுமார் 5 மில்லிதான். அதாவது, அந்த நேரத்துக்குச் சிவப்பணுவே இல்லாமல்கூட உடம்பு ஓடும்!

இதைச் செய்தே காட்டியவர் ஒருவர் இருக்கிறார். ஆம்ஸ்டர்டாமில் பூரெமா என்ற சர்ஜன், பன்றிகளின் ரத்தத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் எடுத்துவிட்டு, சிவப்பணு இல்லாத திரவத்தை ஏற்றி, 3 மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்து உயிரோடு வைத்திருந்தார். பிறகு ரத்தத்தைத் திருப்பி ஏற்றியதும் அவை எழுந்து நடந்தன. 1960-ல் அதை வெளியிட்டார். அடுத்த வருஷமே அதே ஊரில் வாயு அழுகல் நோய்க்கு இந்த அறையைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டுமே வாழும் கிருமி அது. அதன் வீட்டுக்குள்ளேயே ஆக்சிஜனைத் திணித்தால் என்ன ஆகும் என்று யோசித்தது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

சர்க்கரைப் புண்ணில் இது என்ன செய்கிறது? புண்ணைச் சுற்றிலும் வீக்கம், நுண்குழாய்கள் நைந்து போயிருக்கும், நடுவில் இருக்கும் திசு மூச்சு முட்டிக் கிடக்கும். பிளாஸ்மாவில் கரைந்த ஆக்சிஜன், சிவப்பணு நுழைய முடியாத இடுக்கிலும் நுழையும், குழாயிலிருந்து திசுவுக்குள் வழக்கத்தைவிடப் பல மடங்கு தூரம் ஊடுருவும். வெள்ளையணு கிருமியைக் கொல்லவே ஆக்சிஜன் வேண்டும். புதுத் தோலுக்கு அடித்தளமான கொலாஜனைத் தறியில் இழை ஓட்டுவதுபோல் ஓட்டும் செல்களுக்கும் வேண்டும். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் கிருமிக்குள் நுழையவே ஆக்சிஜன் துணை வேண்டும். எல்லாவற்றையும்விட, தினமும் ஒன்றரை மணி நேரம் இப்படி ஏற்றி இறக்குவது புது நுண்குழாய்கள் முளைக்கத் தூண்டுகிறது. கரைந்த ஆக்சிஜன் அறையை விட்டு வெளியே வந்த சில மணி நேரத்தில் வடிந்துவிடும், முளைத்த குழாய் வடியாது. அதனால்தான் ஒரு தடவை, இரண்டு தடவை என்று இல்லாமல் வாரத்தில் ஐந்து ஆறு நாள், 20, 30, 40 என்று போகிறது. 40 என்ற எண்ணைக் கேட்டுச் சந்தேகப்பட வேண்டாம். முதல் நாளே 40-க்கும் சேர்த்துப் பணம் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

மாமா சொன்ன கடல் சமாசாரமும் பொய்யில்லை. இந்த அறை முதலில் பெயர் வாங்கியதே முக்குளிப்பவர்களை வைத்துத்தான். ஆழத்தில் அழுத்தத்தோடு மூச்சிழுக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது, அவசரமாக மேலே வந்தால் கோலி சோடா திறந்த கதைதான், உடம்புக்குள்ளேயே குமிழி. மூட்டு வலியில் ஆரம்பித்துக் கை கால் விழுவதுவரை போகும். தூத்துக்குடியில் படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதிலிருந்து வரும் ரப்பர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு சங்கு எடுக்க இறங்குகிறார்களே, அவர்களுக்கும், இலங்கையின் வடக்கே கடலட்டைக்கு இறங்குபவர்களுக்கும் இது வாழ்நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருக்கும் ஆபத்து. அவர்களுக்கு இந்த அறை உடனே கிடைத்தாக வேண்டும். வழக்கமான அட்டவணைப்படி 60 அடி ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் தொடங்கி, மொத்தம் 4 மணி 45 நிமிஷம் உள்ளே வைத்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவார்கள். நம் நாட்டில் இந்தத் துறையை வளர்த்ததில் கடற்படைக்குப் பெரிய பங்கு, மும்பையில் ஐ.என்.எச்.எஸ். அஸ்வினி மருத்துவமனை வளாகத்தில் கடற்படை மருத்துவத்துக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. ஆனால் கடலோடு அது முடிந்துவிடவில்லை. கார்பன் மோனாக்சைடு விஷம், கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகு வரும் தாடை எலும்பு, சிறுநீர்ப்பைப் பாதிப்புகள், திடீரென்று காது கேட்காமல் போவது, நசுங்கிய கை கால், ஒட்டிய தோல் பிடிக்காமல் கறுப்பது, அப்புறம் எலும்புவரை போன சர்க்கரைப் புண், இவையெல்லாம் ஏற்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. அப்பாவின் புண், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்தப் பட்டியலுக்குள் வரக்கூடியதுதான்.

சரி, அப்படியானால் ஏன் தடுக்கிறேன்?

நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கல்லணையில் தண்ணீர் திறந்தாயிற்று, ஆறு நிறையப் போகிறது. ஆனால் கடைமடையில் உங்கள் வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. மேலே இன்னும் இரண்டு மதகைத் திறந்தால் உங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுமா? ஆக்சிஜன் அறை மேலே மதகைத் திறக்கும் வேலையைச் செய்கிறது. நுரையீரலில் ஏறிய அத்தனை ஆக்சிஜனும் கால் விரலுக்குப் போக வேண்டுமென்றால் அது ரத்தத்தோடுதான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. தொடையிலோ முழங்காலுக்குக் கீழேயோ ரத்தக்குழாய் அடைத்துக் கிடந்தால் 40 என்ன, 80 தடவை படுத்தாலும் அது புண்ணைத் தொடாது. முதலில் வாய்க்காலைத் தூர் வார வேண்டும், ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் என்னிடம் வந்தார், குதிகால் புண்ணோடு. வேறோர் இடத்தில் 30 தடவை அறையில் படுத்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு நாளின் ரசீதையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார் மனுஷன். நான் அவர் காலைத் தொட்டேன், முழங்காலுக்குக் கீழே சில்லென்று இருந்தது. முழங்காலுக்குப் பின்னால் நாடி இல்லை, பாதத்திலும் இல்லை. 30 நாளில் ஒருவர்கூட அந்தக் காலில் நாடி பார்க்கவில்லை. அன்றே ரத்தக்குழாய் சர்ஜனிடம் அனுப்பினோம், ஆனால் திறக்க முடிந்த நிலையை அது தாண்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தோம். இன்றுவரை எனக்கு ஆறவில்லை அது. அவர் இழந்தது பணத்தோடு போயிருந்தால்கூடத் தேவலை, அந்த 30 நாளை இழந்தார்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, ரத்த ஓட்டத்தை அளப்பது. டாப்ளர் எடுக்கச் சொல்வார்கள், அது ஒலி அலையை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனை, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டு ஒரு எண் கொடுப்பார்கள். இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்குக் கணுக்கால் ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் பி.வி.சி. பைப் மாதிரி கெட்டியாகிவிடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. அதனால் எண் நன்றாக இருப்பதுபோலக் காட்டும், 1.3, 1.4 என்றெல்லாம்கூட வரும். "ரிப்போர்ட் நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதை நம்பி வந்துவிடாதீர்கள், மிச்சமிருக்கும் ஒரு கால் விரலில் அழுத்தம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். அது 30 மி.மீ.க்குக் கீழே (ரத்த அழுத்தத்தைச் சொல்லும் அதே பாதரச அளவுதான்) இருந்தால் நிலைமை அவசரம்.

இன்னொரு சோதனை, இந்த அறை வைத்திருக்கும் எந்த நல்ல இடத்திலும் இருக்க வேண்டியது: தோல் வழியாக ஆக்சிஜனை அளப்பது. புண்ணுக்குப் பக்கத்துத் தோலில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு சென்சாரை ஒட்டி, லேசாகச் சூடாக்கி, கீழே எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்ப்பார்கள். 40 மி.மீ.க்குக் கீழே என்றால் புண் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அப்புறம் அதே சென்சாரோடு அறைக்குள் அனுப்பி, அழுத்தத்தில் 200-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். தாண்டினால் இந்தக் காலுக்கு இந்த வைத்தியம் போய்ச் சேருகிறது, ஆரம்பிக்கலாம். அசையவே இல்லை என்றால் பணத்தைக் கட்டாமல் ரத்தக்குழாய் சர்ஜனிடம் திரும்பிப் போக வேண்டும். ஒரே நாள் சோதனை, 40 நாளின் விடையை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும். அறைக்கு வெளியே அளந்தபோதே 40 மி.மீ.க்கு மேல் வந்துவிட்டதென்றால் அதுவும் நல்ல செய்தி, அப்பாவுக்கு அறையே தேவைப்படாமல் போகலாம்.

காலைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் 94 பேரை வைத்து, ஒரு பாதிக்கு ஆக்சிஜனும் மறு பாதிக்கு அதே அறையில் வெறும் காற்றும் கொடுத்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் பார்த்தார்கள். 2010-ல் வந்தது அந்த முடிவு. ஒரு வருஷத்தில் புண் முழுக்க ஆறியது ஆக்சிஜன் எடுத்தவர்களில் 52 சதவீதம், மற்றவர்களில் 29 சதவீதம். பிரமாதமாக இருக்கிறது அல்லவா? ஆனால் கனடாவில் 103 பேரை வைத்து 2016-ல் வந்த ஆய்வில் காலை எடுக்க வேண்டிய தேவை குறையவில்லை. 2018-ல் நெதர்லாந்தில் 120 பேர், கால் தப்பியது ஆக்சிஜன் அறை சேர்த்தவர்களில் 88 சதவீதம், சேர்க்காதவர்களில் 78. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் தற்செயலாக வந்தது இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவு இல்லை. அங்கே பலர் பாதியில் நிறுத்தியும்விட்டார்கள். நான் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் உதவுகிறது, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தால் காசு கரைகிறது. சர்க்கரைப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுதலும் 2023-ல் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ரத்த ஓட்டம் குறைந்த புண்ணில், மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் ஆறவில்லை என்றால், வசதி இருக்கும் இடத்தில் துணையாகச் சேர்க்கலாம்.

அந்த "மற்ற எல்லாம்" என்பதைத்தான் நம் ஊரில் தவறவிடுகிறோம். அப்பா அந்தக் காலை ஊன்றி நடக்கிறாரா? கடிதத்தில் இல்லை, ஆனால் நடக்கிறார் என்றே நினைக்கிறேன், வலி தெரியாத கால் என்பதால் பாத்ரூமுக்கும் வாசலுக்கும் போய்வந்துகொண்டுதான் இருப்பார். ஒவ்வொரு அடியும் நேற்று முளைத்த திசுவை இன்று நசுக்குகிறது. அறைக்குள் ஒன்றரை மணி நேரம் படுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து அதே காலில் நடந்து வீட்டுக்கு வந்தால் அன்றைய 5,000 ரூபாய் வழியிலேயே போயிற்று. காலின் பாரத்தை வேறு இடத்துக்கு மாற்றும் மாவுக்கட்டோ தனி பூட்ஸோ வேண்டும், எது பொருந்தும் என்பதை ரத்த ஓட்டத்தையும் கிருமியையும் பார்த்து முடிவு செய்வார்கள். எலும்பு தெரிகிறது என்றால் எலும்புக்குள் கிருமி போயிருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் பார்க்க வேண்டும். செத்த எலும்பு உள்ளே இருக்கும்வரை எந்த ஆக்சிஜனும் அதை உயிர்ப்பிக்காது, எடுத்தாக வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆக்சிஜனை ஏறவிடாது, நிக்கோட்டின் இருக்கிற குழாயையும் சுருக்கிவிடும். இவ்வளவும் சேர்ந்துதான் புண் ஆறும்.

தம்பி சொல்லும் பைக்கு வருவோம். அது ஊதினால் எழும்பும் மெத்து அறை, வழக்கமாக 1.3 மடங்கு அழுத்தம்தான் தாங்கும். அதற்குள் ஏற்றுவது சாதாரணக் காற்று. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், அதை 1.3-ஆல் பெருக்கினால் 27. அதாவது ஆஸ்பத்திரி வார்டில் மூக்கில் ஒரு சின்னக் குழாய் மாட்டிக் கொஞ்சமாக ஆக்சிஜன் விட்டாலே கிடைப்பது. கூடவே ஒரு மாஸ்க் கொடுத்தாலும், நான் மேலே சொன்ன 2.4 மடங்கு எங்கே, அது எங்கே. அந்த மாதிரிப் பைகளை, மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது மலை உச்சியில் ஏறுபவர்களுக்கு வரும் நோய்க்கு மட்டும். ஒரே பெயரைச் சொல்லி வேறு பொருளை விற்கிறார்கள், 1,500 ரூபாய் மலிவு என்று தோன்றும், ஆனால் அந்த 1,500-க்கும் உங்கள் அப்பாவின் காலுக்கு ஒன்றும் கிடைக்காது.

இது புதுக் கதையும் இல்லை. 1928-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் கன்னிங்ஹாம் என்ற டாக்டர், தொழிலதிபர் டிம்கென் கொடுத்த பணத்தில், 64 அடி விட்டத்தில் இரும்புப் பந்து ஒன்றைக் கட்டினார், உள்ளே ஐந்து மாடி, படுக்கைகளோடு முழு ஆஸ்பத்திரி. அழுத்தக் காற்றால் ரத்த அழுத்தம், மேகநோய், புற்றுநோய், சர்க்கரை எல்லாம் போகும் என்றார். ஆதாரம் காட்டுங்கள் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் திரும்பத் திரும்பக் கேட்டது, அவர் காட்டவே இல்லை. சில வருஷங்களில் மூடி, இரண்டாம் உலகப் போரின்போது இரும்புக்காக உடைத்துவிட்டார்கள். இன்றும் ஆட்டிசம் குழந்தைகளின் பெற்றோரிடமும், வயதைக் குறைக்கிறோம் என்று மற்றவர்களிடமும் அறையை விற்கிறார்கள். ஆட்டிசத்துக்கும் புற்றுநோய்க்கும் இது நிரூபிக்கப்படவில்லை என்று 2013-லேயே எஃப்.டி.ஏ. வெளிப்படையாக எச்சரித்தது. இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதனால் உண்மையிலேயே அறை தேவைப்படும் சங்கு குளிக்கிறவரும் உங்கள் அப்பாவும் அந்தப் பெயரைக் கேட்டதுமே ஏமாற்று என்று ஒதுங்கும் நிலை வந்துவிடுகிறது.

அப்பாவின் பயத்தைப் பற்றி. மூடிய இடம் பிடிக்காதவர்கள் பலரை நான் உள்ளே அனுப்பியிருக்கிறேன். ஒருவர் படுக்கும் அறை முழுக்கக் கண்ணாடி மாதிரித் தெளிவான அக்ரிலிக் குழாய். உள்ளே படுத்துக்கொண்டே வெளியே உட்கார்ந்திருக்கும் உங்களைப் பார்க்கலாம், இன்டர்காமில் பேசலாம். முதல் நாள் மூடாமல் சும்மா படுக்கவைத்து எழுப்பச் சொல்லுங்கள். கதவை மூடியதும் ஸ்ஸ் என்று சத்தம் வரும், லேசாக உடம்பு சூடாகும், மலைப் பாதையில் பஸ் இறங்கும்போது அடைப்பதுபோல் காது அடைக்கும். எச்சில் விழுங்க வேண்டும், அல்லது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும், காது பட்டென்று விடும். விடவில்லை என்றால் கையைக் காட்டச் சொல்லுங்கள், நிறுத்திவிடுவார்கள், வலியைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. இந்த வைத்தியத்தில் அதிகம் வரும் தொந்தரவே காது ஜவ்வு பாதிப்புதான். சளி பிடித்த நாளில் போக வேண்டாம். அழுத்தம் ஏறிய பிறகு ஒன்றும் தெரியாது, பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். சிலருக்கு மூடிய இடப் பயம் கடைசிவரை போவதில்லை. பலர் ஒன்றாக உட்காரும் பெரிய அறை இருக்கும் இடத்தைத் தேடுங்கள், அங்கே அறைக்குள் காற்றுதான், ஆக்சிஜன் மாஸ்க்கிலோ தலைக்கவசத்திலோ வரும், கூடவே நர்ஸும் இருப்பார்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அறைக்குள் சர்க்கரை இறங்கும், சிலருக்கு நன்றாகவே இறங்கும். வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். நாங்கள் உள்ளே அனுப்புமுன் ஊசி குத்திப் பார்ப்போம், 120-க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு டம்ளர் பாலோ கொடுத்து, மறுபடி பார்த்துத்தான் மூடுவோம், வெளியே வந்ததும் இன்னொரு முறை. 20 தடவைக்கு மேல் போகும்போது தூரப் பார்வை கொஞ்சம் மங்கும், முடிந்த சில வாரங்கள், மாதங்களில் சரியாகும், அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்கிவிடாதீர்கள். அதிக ஆக்சிஜனால் வலிப்பு வருவது மிக அரிது, அதைத் தவிர்க்கத்தான் இடையிடையே ஐந்து நிமிஷம் சாதாரணக் காற்று கொடுப்பார்கள். அப்பாவுக்கு நுரையீரல் நோய், இதயம் பலவீனம், முன்பு புற்றுநோய் மருந்து எடுத்தது என்று ஏதாவது இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தால், அதை வெளியேற்றும்வரை அறைக்குள் போகவே கூடாது.

கடைசியாகத் தீ. ஒருவர் படுக்கும் அறை முழுக்கச் சுத்தமான ஆக்சிஜன், ஒரு பொறி போதும். 1997-ல் மிலன் நகரில் அறைக்குள் பிடித்த தீயில் 11 பேர் இறந்தார்கள், ஒரு நோயாளி குளிருக்குக் கொண்டுபோன கைசூடாக்கும் சிறு கருவிதான் காரணம் என்றார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் 5 வயதுக் குழந்தை ஒன்று அறைக்குள் தீயில் இறந்தது. அதனால் எங்கள் நர்ஸ் அம்மா தினமும் நோயாளியின் நெற்றியிலும் முடியிலும் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார்ப்பார், எண்ணெய் ஒட்டினால் அன்று கிடையாது, தலைக்குக் குளித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்பார். தேங்காய் எண்ணெய், தைலம், விக்ஸ், சென்ட், பவுடர் எதுவும் கூடாது. பாலியெஸ்டர் வேட்டி, லுங்கி கூடாது, அவர்களே கொடுக்கும் பருத்தி உடுப்புதான். செல்போன், காது கேட்கும் கருவி, வாட்ச், இடுப்பில் கட்டிய தாயத்துவரை எல்லாம் வெளியே. அப்பாவின் உடம்பை அறையோடு தரைக் கம்பியில் இணைக்கும் பட்டையைக் கையில் மாட்டுகிறார்களா என்று நீங்களே பாருங்கள். இவற்றையெல்லாம் கேட்காமல், வந்த உடுப்போடு படுக்கச் சொல்லும் இடத்தில் அப்பாவைப் படுக்கவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் நேரம் முழுக்க பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறாரா, டாக்டர் கட்டடத்தில் இருக்கிறாரா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். புண்ணை வாரம் ஒருமுறை அளந்து போட்டோ எடுப்பார்களா, 15, 20 தடவையில் மாற்றமே இல்லையென்றால் நிறுத்திவிடுவார்களா என்றும் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு "நிறுத்திவிடுவோம்" என்று பதில் வந்தால், நான் அந்த இடத்தை நம்புவேன்.

நாளைக் காலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான், ரத்தக்குழாய் சர்ஜனைப் பார்ப்பது. தஞ்சையிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே முதலில் காட்டுங்கள். சென்னை போக முடிந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போய், எதற்கெல்லாம் செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் காய்ச்சல் வந்தாலோ, பாதம் சிவந்து வீங்கினாலோ, நாற்றம் கூடினாலோ, சிவப்பு காலில் மேலே ஏறினாலோ, எந்த அப்பாயிண்ட்மென்டுக்கும் காத்திராமல் அன்று ராத்திரியே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள், அது அறையில் படுக்கவைக்கும் நேரம் இல்லை, கத்தி எடுக்கும் நேரம்.

அதுவரை அப்பாவை அந்தக் காலை ஊன்றவிடாதீர்கள். டாப்ளர் ரிப்போர்ட், விரல் அழுத்தம், தோல் வழி ஆக்சிஜன் அளவு, எது முதலில் கைக்கு வருகிறதோ அதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு அறை வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன். வேண்டும் என்று வந்தால், எத்தனை தடவைக்கு முதலில் பணம் கட்டலாம் என்பதையும் அப்போது பேசிக்கொள்ளலாம்.